கைமாறும் வண்டிக்கு ஒரு ஜாதகம் வேண்டும்

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி குறைந்து புதிய கார்களின் விலை இறங்கியதிலிருந்து பேச்செல்லாம் ஷோரூம் வாசலிலேயே நிற்கிறது. ஆனால், நம் நாட்டில் ஆண்டுதோறும் விற்கும் புதிய கார்களைவிடக் கைமாறும் பழைய கார்களே அதிகம் என்பது வணிக வட்டாரத்தின் மதிப்பீடு. 2024-25 நிதியாண்டில் விற்ற புதிய பயணியர் வாகனங்கள் சுமார் 43 லட்சம். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எஸ்யூவி, எம்பிவி வகையைச் சேர்ந்தவை. இன்னும் நாலைந்து ஆண்டுகளில் இவற்றில் கணிசமானவை நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்கு இரண்டாம் கையாக வரப்போகின்றன. அப்படி வரும் வண்டி இதுவரை எப்படி வாழ்ந்தது என்று தெரிந்துகொள்ள வாங்குபவருக்கு என்ன வழி வைத்திருக்கிறோம்?

விலை பேசும் நாளில் யோசனை சொல்ல ஊரே திரண்டு வரும். வாங்கிச் சில மாதங்கள் ஓட்டிய பிறகு தெரியவரும் சங்கதிகளைத்தான் யாரும் சொல்வதில்லை. ஏழு பேர் அமரும் டீசல் எஸ்யூவி ஒன்றை அதன் ஐந்தாவது வயதில் வாங்கி, ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்ட குடும்பம் எங்களுடையது. பட்டறைச் செலவு, காப்பீட்டுக் குழப்பம், ஆர்டிஓ அலுவலக அலைச்சல் என்று தனித்தனியாகப் புலம்பினாலும், இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: வண்டி கைமாறுகிறது, அதன் வரலாறு கூடவே வருவதில்லை.

கணக்கு என்னவோ சரிதான்

பெரிய குடும்பம் பழைய எஸ்யூவி வாங்குவதைக் கஞ்சத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 18 லட்சம் ரூபாய் விலையுள்ள புதிய வண்டிக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி மட்டும் 3 லட்சத்து 24 ஆயிரம். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவீதம். 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். காப்பீடு, பதிவுக் கட்டணம், மேல்சாமான்கள் எல்லாம் சேர்ந்தால் வண்டி ரோட்டுக்கு வரும்போது 22 லட்சத்தைத் தொட்டு நிற்கும்.

காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் குறைத்துக்கொண்டே போகும் அட்டவணையைப் பார்த்தால் இன்னொன்று விளங்கும். ஒரு வயது நிறைவதற்குள் 15 சதவீதம் கழிகிறது. ஐந்து வயதை எட்டும்போது பாதி மதிப்பு போய்விடுகிறது. இந்தச் சரிவு முழுவதும் முதல் உரிமையாளரின் தலையில். ஆயுள் வரியும் அவர் கட்டியதுதான். தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டி தமிழ்நாட்டுக்குள்ளேயே கைமாறினால் அந்த வரியை மறுபடி கட்ட வேண்டியதில்லை.

பழைய காருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்று 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தபோது, வண்டி விலை முழுவதற்கும் வரி என்று பலர் பதறினார்கள். அது வியாபாரியின் லாபத்துக்கு மட்டுமான வரி. 9 லட்சத்துக்கு வாங்கி 10 லட்சத்துக்கு விற்றால், இடையிலுள்ள ஒரு லட்சத்துக்கு 18 ஆயிரம் ரூபாய். பக்கத்து வீட்டுக்காரர் தம் வண்டியை நேரடியாக நமக்கு விற்றால் அதுவும் கிடையாது. "ஜிஎஸ்டி ஏறிப்போச்சு சார்" என்று லட்சக்கணக்கில் விலையை ஏற்றிச் சொல்லும் பழைய கார் கன்சல்டிங்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்க்கலாம்.

விலை பேசும்போது முதல் உரிமையாளரின் பில்லை வைத்துப் பேசாமல், அதே வண்டி இன்று புதிதாக என்ன விலை என்பதை வைத்துப் பேசுவது நல்லது. 4 மீட்டருக்கு மேல் நீளமுள்ள எஸ்யூவிகளுக்கு முன்பு ஜிஎஸ்டியும் கூடுதல் தீர்வையும் சேர்ந்து 50 சதவீதம் வரை போனது. இப்போது 40 சதவீதம். புதியது இறங்கினால் பழையதும் இறங்கத்தான் வேண்டும். ஆனால், பழைய விலைக்கு வண்டிகளை வாங்கி நிறுத்திவைத்திருப்பவர்கள் அதை அவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வாசலுக்கு வந்த பிறகு

நல்லதையும் சொல்ல வேண்டும். குலதெய்வம் கோயிலுக்குப் போக இரண்டு வண்டி பிடித்த காலம் போய், வீட்டோடு ஒரே வண்டியில் ஏறுகிறோம். மூட்டுவலிக்காரரான அம்மாவுக்குத் தாழ்வான காரில் குனிந்து இறங்குவதைவிட, பக்கவாட்டில் படி வைத்த உயரமான வண்டியில் ஏறி உட்காருவது எளிதாக இருக்கிறது. சென்னையில் மேடவாக்கம், வேளச்சேரிப் பக்கத்துச் சாலைகளில் முழங்கால் மட்டத்துக்கு மழைநீர் நிற்கும் நாளில் இந்த உயரம் ஒரு தைரியம் தருகிறது.

அந்தத் தைரியம்தான் ஆபத்தும்கூட. ஓடும் வண்டியின் இன்ஜினுக்குள் தண்ணீர் இழுக்கப்பட்டுவிட்டால் உள்ளே இருக்கும் பாகங்கள் வளைந்துபோகும். முழுக் காப்பீடு இருக்கிறதே என்று நினைத்தால், சாதாரண முழுக் காப்பீட்டில் இந்தச் சேதம் பெரும்பாலும் சேராது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். நின்றுபோன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்ப்பவர்கள், அந்தச் சேர்க்கை இருந்தாலும் இழப்பீட்டைப் பெறச் சிரமப்படுவார்கள்.

ஏழு இருக்கை என்பதும் பாதி உண்மைதான். கடைசி வரிசையில் பெரியவர்கள் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. பிள்ளைகளை உட்கார வைத்துக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால், பாதி வழியில் பாலித்தீன் பை தேட வேண்டிவரும். ஏழு பேரும் ஏறிவிட்டால் பின்னால் இரண்டு கைப்பைகளுக்குத்தான் இடம். பெட்டி, படுக்கை, பொங்கல் பானை எல்லாம் மேலே கேரியரில் ஏறும். மைலேஜ் கீழே இறங்கும். வாங்குவதற்கு முன் வீட்டார் அனைவரையும் அழைத்துப்போய்க் கடைசி வரிசையில் உட்கார்த்தி, ஊரைச் சுற்றிவந்து பார்ப்பது அவசியம். ஓட்டுகிறவர் மட்டும் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதுதான் நம் வழக்கம்.

புகைவடிகட்டி என்னும் புது விருந்தாளி

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு தயாரான டீசல் வண்டிகளின் புகைபோக்கிப் பாதையில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. இன்று பழைய கார் சந்தைக்கு வரத் தொடங்கியிருப்பவை இந்தத் தலைமுறை வண்டிகளே. இதைப் பற்றி விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. ஆகவே, சற்று விரிவாகவே பார்க்கலாம்.

டீசல் எரியும்போது வரும் கரித்துகளை இந்த வடிகட்டி பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு மிகுந்த சூடு தேவை. வண்டி நெடுஞ்சாலையில் தடையில்லாமல் பதினைந்து இருபது நிமிடமாவது ஓடினால்தான் அந்தச் சூடு வரும். காலையில் பள்ளிக்கூடம், மாலையில் மார்க்கெட், இடையில் சிக்னலில் நிற்பது என்று ஓடும் வண்டியில் கரி சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும்.

எங்கள் வண்டியில் எரிந்தபோது, பதறிப்போய்ப் பட்டறைக்கு ஓடினோம். மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "ஒண்ணும் பண்ண வேணாம் சார். தாம்பரம் தாண்டி செங்கல்பட்டு வரைக்கும் மூணாவது, நாலாவது கியர்லயே விட்டு ஓட்டிட்டு வாங்க. தானா அணையும்" என்றார். போய்த் திரும்புவதற்குள் அணைந்துவிட்டது. அந்த விளக்கைக் கவனிக்காமல் வாரக்கணக்கில் நகருக்குள்ளேயே ஓட்டியிருந்தால், வடிகட்டி அடைத்துக்கொண்டு செலவு ஐந்து இலக்கத்தில் தொடங்கி ஆறு இலக்கம்வரை போயிருக்கலாம்.

வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, மென்பொருளை மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைகளும் இருக்கின்றன. அது சட்டத்துக்குப் புறம்பானது. வடிகட்டி பிடிக்காமல் விடும் கரி பின்னால் வரும் குழந்தையின் நுரையீரலுக்குத்தான் போகும். பழைய வண்டி வாங்கும்போது இப்படிக் கழற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. புகைபோக்கியின் முனையைத் துணியால் துடைக்கும்போது கன்னங்கரேலென்று கரி ஒட்டினால் சந்தேகப்படலாம்.

ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் நகருக்குள் ஓட்டுகிற குடும்பத்துக்கு டீசல் எஸ்யூவி தேவையே இல்லை என்பது என் கருத்து. மாதம் இருமுறையாவது திருச்சி, மதுரை என்று நீளமாகப் போகிறவர்களுக்குத்தான் அது பொருந்தும். பெட்ரோல் பக்கம் போனால் அங்கே எத்தனால் காத்திருக்கிறது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய பெட்ரோல் வண்டிகள் பொதுவாக 20 சதவீத எத்தனால் கலப்பை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை அல்ல. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் அந்தக் கலப்புதான். இதனால் மைலேஜ் சில வண்டிகளில் 1-2 சதவீதமும் மற்றவற்றில் 3-6 சதவீதமும் குறையலாம் என்று பெட்ரோலியத் துறையே 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. வயதான வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டிவரலாம் என்றும் சொன்னது. பழைய பெட்ரோல் எஸ்யூவி வாங்குகிறவர் எரிபொருள் குழாய்களின் நிலையையும் ஒரு முறை பார்க்கச் சொல்ல வேண்டும்.

பில் இல்லாத பராமரிப்பு

வாங்கிய சில மாதங்களில் எங்களுக்கு ஆன செலவில் பெரும்பகுதி வண்டி கெட்டுப்போனதால் ஆனதல்ல. வண்டியைப் பற்றித் தெரியாததால் ஆனது. இதை வீட்டில் புரியவைக்கச் சற்று நேரம் பிடித்தது.

டைமிங் பெல்ட்டை எடுத்துக்கொள்வோம். இன்ஜினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று மோதாமல் தாளம் தப்பாமல் இயங்க வைப்பது அது. குறிப்பிட்ட கிலோமீட்டருக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை மாற்ற வேண்டும். அறுந்தால் இன்ஜினே போய்விடும். சில இன்ஜின்களில் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருக்கும். எங்களுடையது பெல்ட். "போன வருஷம்தான் மாத்தினது" என்றார் விற்றவர். பில் கேட்டோம். இல்லை. எந்தப் பட்டறை என்று கேட்டோம். அவருக்கு முன்பு வைத்திருந்தவரிடம்தான் கேட்க வேண்டும் என்றார். வேறு வழியின்றி நாங்களும் மாற்றினோம். உண்மையிலேயே போன ஆண்டு மாற்றியிருந்தால், நல்ல பெல்ட் ஒன்று குப்பைக்குப் போயிருக்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு குடும்பங்கள் பணம் கட்டியிருக்கின்றன.

டயரும் அப்படித்தான். பட்டன் நன்றாகத் தெரிந்தது. கறுப்புப் பாலிஷ் போட்டுப் பளபளத்தது. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. ஆறேழு ஆண்டு கடந்த டயரின் ரப்பர், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும், இறுகிப்போய் மழையில் பிடிப்பை இழந்துவிடும். எஸ்யூவி அளவு டயர் ஒன்று பத்தாயிரத்துக்கு மேல். நான்கையும் மாற்றினால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். அந்த நான்கு இலக்கத்தைப் படிக்க அரை நிமிடம் போதும். விலை பேசுவதற்கு முன்பே படித்துவிட வேண்டும். ஸ்டெப்னியையும் மறக்கக் கூடாது.

இப்போது மீட்டர். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணோரமாக, பட்டறைகளில் ஒட்டும் ஆயில் சர்வீஸ் ஸ்டிக்கர் ஒன்று பாதி கிழிந்த நிலையில் இருந்தது. அதில் பேனாவால் எழுதியிருந்த அடுத்த சர்வீஸ் அளவு, மீட்டரில் ஓடிக்கொண்டிருந்த அளவைவிடப் பதினைந்தாயிரத்துக்கு மேல் கூடுதல். விற்றவரிடம் போனில் கேட்டோம். "அது வேற வண்டி ஸ்டிக்கர் சார், பையன் மாத்தி ஒட்டிட்டான்" என்றார் சற்றும் தயங்காமல். நாங்கள் என்ன சொல்ல முடியும்? மீட்டரைத் திருப்பி வைத்தார் என்று நிரூபிக்க எங்களிடம் ஒரு தாளும் இல்லை. இல்லை என்று நிரூபிக்க அவரிடமும் ஒரு தாளும் இல்லை.

மற்ற நாடுகளில் எப்படி?

பிரிட்டனில் மூன்று வயதைக் கடந்த கார் ஒவ்வோர் ஆண்டும் கட்டாயச் சோதனைக்குப் போக வேண்டும். சோதனையில் பதிவாகும் மீட்டர் அளவை, பதிவெண்ணை மட்டும் வைத்து யார் வேண்டுமானாலும் இலவசமாக இணையத்தில் பார்க்கலாம். பெல்ஜியத்தில் 2006 முதல், பழைய கார் விற்பவர் அதன் மீட்டர் வரலாறு அச்சிட்ட சான்றிதழைக் கொடுத்தே ஆக வேண்டும். பட்டறைகள் ஒவ்வொரு முறையும் அளவைப் பதிவேற்றுகின்றன. அமெரிக்கா மீட்டரைத் திருப்புவதை 1972-லேயே மத்தியச் சட்டத்தால் தடைசெய்தது. அங்கே காப்பீட்டு நிறுவனம் 'இனி தேறாது' என்று கைகழுவிய வண்டி மறுபடி ரோட்டுக்கு வந்தால், அதன் உரிமைப் பத்திரத்திலேயே அந்த அடையாளம் இருக்கும்.

நம்மிடம் ஆர்.சி. இருக்கிறது. எத்தனையாவது உரிமையாளர், கடன் இருக்கிறதா, காப்பீடு எதுவரை என்ற விவரங்களை அரசின் வாகன் தளத்தில் பார்க்கலாம். வண்டி விபத்தில் சிக்கியதா, வெள்ளத்தில் மூழ்கியதா, எவ்வளவு ஓடியது என்பது அதில் இல்லை.

வெள்ளம் என்பது சென்னைக்காரர்களுக்குக் கற்பனையல்ல. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் அடித்தள வாகன நிறுத்தங்களில் கார்கள் கூரைவரை மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தோம். முழு இழப்பாகத் தீர்க்கப்பட்ட வண்டிகள் ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் கழுவி, காயவைத்து, வயரிங் பார்த்து, வேறு ஊரில் விற்பார். முகப்பு விளக்குகளில் ஈரம் பூத்திருப்பது, சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னிக் குழியில் காய்ந்த சேறு, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் தெரியும் கறைக்கோடு, ஏசி போட்டதும் எழும் பூஞ்சை வாடை: இவற்றை வைத்துத்தான் நாம் வெள்ளத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

டெல்லியிலிருந்து வரும் வண்டிகளிலும் கவனம் வேண்டும். தேசியத் தலைநகர்ப் பகுதியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு வந்த தடையால், அங்கிருந்து எஸ்யூவிகள் மலிவு விலையில் தெற்கு நோக்கி வந்தன. 2025-ல் உச்ச நீதிமன்றம் இதில் தளர்வு காட்டியிருந்தாலும் 'டெல்லி வண்டி' இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. விலை கேட்டால் வாய் பிளக்கத் தோன்றும். அங்கிருந்து தடையின்மைச் சான்று, இங்கே வயதுக்கேற்ற வரி, மறுபதிவு எல்லாம் முடிந்த பிறகு அந்த மலிவு எவ்வளவு மிஞ்சுகிறது என்று கூட்டிப் பார்க்க வேண்டும். புதுச்சேரிப் பதிவெண் வண்டிக்கும் இதே கதை. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும்.

விற்றவருக்கும் தலைவலி

பெயர் மாற்றம் வாங்குபவரின் கவலை மட்டும்தான் என்று நினைத்தால் தவறு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. விற்றுப் பணத்தை வாங்கிவிட்டோம் என்பது தற்காப்பு ஆகாது. அதற்குப் பிறகும், பெயர் மாற்றத்துக்கான 29, 30-ம் எண் படிவங்களில் தேதி போடாமல் கையெழுத்து மட்டும் வாங்கிவைத்துக்கொண்டு, அடுத்த ஆள் கிடைக்கும்வரை வண்டியை நிறுத்திவைப்பது பல கன்சல்டிங்குகளில் இன்றும் நடக்கிறது.

இதைச் சரிசெய்யத்தான் 2022 டிசம்பரில் மத்திய அரசு விதி கொண்டுவந்து, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியது. பழைய கார் வியாபாரி, பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டியைத் தம்மிடம் விட்டதும் இணையத்தில் தெரிவித்துவிட்டால், அன்று முதல் வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியை எங்கே ஓட்டிச் சென்றார் என்பதற்கு மின்னணுப் பதிவேடும் வைக்க வேண்டும். விதி நல்ல விதி. உங்கள் ஊர்க் கன்சல்டிங்கின் சுவரில் அந்த அங்கீகாரச் சான்று தொங்குகிறதா என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

காப்பீட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வண்டி கைமாறினால் மூன்றாம் நபருக்கான காப்பீடு தானாக மாறிவிடும். சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி மாறாது. 14 நாட்களுக்குள் விண்ணப்பித்துப் பெயரை மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டி வண்டி நொறுங்கினால் பணம் வராது. விபத்தில்லாத ஆண்டுகளுக்கான தள்ளுபடி வண்டிக்கானதல்ல, ஆளுக்கானது. விற்றவர் அதைத் தம்மோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆக, நம் முதல் பிரீமியம் எதிர்பார்த்ததைவிடக் கூடும். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்கள் உடைந்தால், தேய்மானக் கழிவில்லாத பாலிசி இல்லாதவருக்குப் பாதி விலைதான் கிடைக்கும். ஐந்து வயதைத் தாண்டிய வண்டிக்கு அந்தப் பாலிசியைப் பல நிறுவனங்கள் தயங்கியே தருகின்றன.

சிறிய விஷயங்கள் வேறு. ஃபாஸ்டேக் முதல் உரிமையாளரின் பெயரிலேயே இருந்தால், நாம் பரனூர் சுங்கச்சாவடியைக் கடக்கும் போதெல்லாம் அவருடைய கணக்கில் பணம் போகும். அவர் ஒரு நாள் அதை முடக்குவார். நாம் கூடுதல் கட்டணம் கட்டுவோம். கேமரா அனுப்பும் அபராதச் செய்தி அவர் போனுக்குப் போகும்; நமக்குத் தெரியவரும்போது நாலைந்து சேர்ந்திருக்கும்.

என்ன செய்யலாம்?

அரசிடம் கேட்க வேண்டியது புதிதாக ஒரு துறையை அல்ல. புகைச் சோதனைக்கு, ஒரு வயதைக் கடந்த பெட்ரோல், டீசல் வண்டிகள் ஆண்டுக்கொரு முறையாவது வந்தே ஆக வேண்டும். அதன் முடிவு வாகன் தளத்தில் ஏறுகிறது. அங்கேயே மீட்டரைப் படம் எடுத்து அளவைப் பதிவேற்றுவதைக் கட்டாயமாக்கி, பதிவெண்ணைத் தட்டினால் எல்லோருக்கும் தெரியும்படி வைக்கலாம். ஐந்தாறு ஆண்டு அளவுகள் வரிசையாகத் தெரிந்தால், நடுவில் மீட்டர் பின்னோக்கி ஓடியதை எந்தப் பாமரரும் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்தது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் செய்ய வேண்டியது. முழு இழப்பாகத் தீர்க்கப்பட்ட வண்டியின் விவரம் நிறுவனங்களிடம் தயாராக இருக்கிறது. அதை ஆர்.சி. விவரத்தோடு இணைத்து, வெள்ளமா விபத்தா என்று ஒரு வரி காட்டினால் போதும். உரிமையாளரின் பெயரோ தொகையோ தேவையில்லை.

மாநிலப் போக்குவரத்துத் துறை தன் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற பழைய கார் வியாபாரிகளின் பட்டியலை மாவட்டவாரியாக வெளியிடலாம். அங்கீகாரம் இல்லாதவர் கொண்டுவரும் பெயர் மாற்ற விண்ணப்பங்களை ஆர்டிஓ அலுவலகம் கேள்வி கேட்கத் தொடங்கினால், மற்றவர்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்பார்கள்.

அதுவரை வாங்குபவர் தம் கையில் உள்ளதைச் செய்ய வேண்டியதுதான். வண்டி வாங்க 10 லட்சம் வைத்திருந்தால் 9 லட்சத்துக்குள் பேசி முடித்து, மிச்சத்தை முதல் ஆறு மாதப் பராமரிப்புக்கு ஒதுக்குவது என் பரிந்துரை. விற்பவருக்கு வேண்டிய மெக்கானிக்கை விட்டுவிட்டு, நமக்குத் தெரிந்தவரைக் கூட்டிப்போய் லிஃப்ட்டில் ஏற்றிக் கீழிருந்து பார்க்க வேண்டும். அதே தயாரிப்பு வண்டியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில், உரிமையாளரின் சம்மதத்தோடு, பழைய சர்வீஸ் விவரத்தைக் கேட்டு வாங்கலாம். முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கொடுக்காமல், கடன் ரத்தாகி ஆர்.சி. நம் பெயருக்கு மாறும்வரை ஒரு பகுதியை நிறுத்திவைக்கலாம்.

பாதுகாப்பு விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்க வேண்டும். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் கட்டாயம் என்ற விதி எல்லாப் புதிய கார்களுக்கும் 2022 ஜனவரியில்தான் முழுமையாக வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில், குறிப்பாகக் குறைந்த விலை மாடல்களில், அது இல்லாமல் இருக்கலாம். சன்ரூஃப் இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஏர்பேக் எத்தனை என்று பெரியவர்கள் கேட்க வேண்டும்.

பில் இல்லாமல் எந்த வண்டியையும் எடுக்கக் கூடாது. கமிஷன் ரசீது என்று ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தால் போதாது. வியாபாரியிடம் பில்லோடு வாங்கியவர் நுகர்வோர். ஏமாற்றப்பட்டால் 1915 உதவி எண்ணை அழைக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையவழியே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் வரை விலை கொடுத்திருந்தால் வழக்குக் கட்டணமே இல்லை.

அந்தப் பில்லோடு இன்னொரு தாளையும் கேட்டு வாங்குங்கள். இன்றைய மீட்டர் அளவு, வண்டி பெரிய விபத்தில் சிக்கியதில்லை, வெள்ளத்தில் மூழ்கியதில்லை, டைமிங் பெல்ட்டையும் கிளட்ச்சையும் எப்போது மாற்றினார்கள் என்ற நான்கு வரிகளைத் தமிழிலேயே எழுதி, விற்பவர் தேதியோடு கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட அவர் தயங்கினால், முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.